இரண்டு வருட வைத்தியம் ஆறு மாதமானது எப்படி?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 27 வயதான உங்கள் தம்பிக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்று சளிப் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. ஆறு மாதம் மாத்திரை போதும், ஊசி கிடையாது என்று அரசு மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 2012-ல் இதே நோய் வந்த உங்கள் பெரியப்பா இரண்டு வருடம் மருந்து சாப்பிட்டார், மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டார். உயிர் பிழைத்தார், காது போய்விட்டது. "அவருக்கு இரண்டு வருடம், இவனுக்கு ஆறே மாதமா? புது மருந்தை என் பிள்ளை மேல் சோதித்துப் பார்க்கிறார்களா?" என்று உங்கள் அம்மா கேட்கிறார். வீட்டில் அண்ணன் குழந்தைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், தம்பியை வேறு எங்காவது தங்க வைக்க வேண்டுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. மருந்து வேதியியல் படித்துவிட்டு, காசநோய்க் கிருமியை வளர்த்து மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பதினோரு வருடம் இருந்தவன். அதனால் மருந்து எப்படி வேலை செய்கிறது, அது எப்படி இங்கு வந்து சேர்ந்தது என்பதை விளக்கமாகச் சொல்ல முடியும். தம்பிக்கு என்ன அளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவரைப் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டியது.

அம்மாவுக்கான பதிலை முதலில் சொல்கிறேன். சோதனை நடந்தது உண்மை. அது முடிந்துவிட்டது. தென் ஆப்பிரிக்கா, ஜார்ஜியா, மால்டோவா, ரஷ்யா, பெலாரஸ், உஸ்பெகிஸ்தான் என்று பல நாடுகளில் நூற்றுக்கணக்கான நோயாளிகள் தாங்களாக ஒப்புக்கொண்டு அதில் சேர்ந்தார்கள். அந்த முடிவுகளைப் பார்த்துத்தான் 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த ஆறு மாத வைத்தியத்தைப் பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் இந்திய சுகாதார அமைச்சகம் அரசுத் திட்டத்தில் அதைச் சேர்க்க ஒப்புதல் கொடுத்தது. தம்பிக்குக் கிடைப்பது பெரியப்பா காலத்தில் யாருக்கும் கிடைக்காத ஒன்று.

இந்த நோய்க்கு ஏன் அவ்வளவு காலம் மருந்து தேவைப்பட்டது என்று தெரிந்தால் ஆறு மாதத்தின் மதிப்பு புரியும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ. கோலை கிருமி சுமார் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். சாயங்காலம் தட்டில் போட்டால் காலையில் வளர்ந்து நிற்கும். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். முட்டைக் கலவை ஊற்றிய குப்பியில் அதை விதைத்துவிட்டு மூன்று வாரம், சில சமயம் எட்டு வாரம்கூடக் காத்திருப்போம். ஒரு நாள் காலையில் வெளிர் மஞ்சளாக, காலிஃபிளவர் பூ மாதிரி சொரசொரவென்று தெரியும். எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு ஒரு நடுக்கம் வரும். அதற்கு அவசரமே கிடையாது. சுற்றிலும் மெழுகு போன்ற கொழுப்புச் சுவர். போதாததற்கு, காற்றும் உணவும் குறைந்தால் அந்தக் கிருமிகளில் ஒரு பகுதி வளர்வதையே நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும்.

இந்தத் தூக்கம்தான் பெரிய சிக்கல். பழைய மருந்துகளில் பல, கிருமி வளரும்போது தாக்குபவை. 1952 முதல் பயன்பாட்டில் இருக்கும் ஐசோனியாசிட், கிருமி புதுச் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. சுவரே கட்டாமல் தூங்குகிற கிருமியை அது பெரிதாகத் தொடாது. தூங்குபவை ஒவ்வொன்றாக எழும்வரை மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணக் காசநோயில் ரிபாம்பிசின் என்ற இன்னொரு மருந்து இந்தக் குறையை ஈடுகட்டியது. அது வந்த பிறகுதான் பதினெட்டு மாத வைத்தியம் ஆறு மாதமாகக் குறைந்தது. உங்கள் தம்பி மாதிரி ரிபாம்பிசினுக்கே கட்டுப்படாதவர்களுக்கு அந்த வசதி போய்விடுகிறது. பெரியப்பாவுக்கு இரண்டு வருடம் ஆனதற்கு அதுதான் காரணம். அவருக்குப் போட்டது கனாமைசின் வகை ஊசியாக இருக்க வேண்டும். அது உள் காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்களைக் கொன்றுவிடும். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

இனி புது மருந்துக்கு வருகிறேன். தம்பி சாப்பிடுவது நான்கு மருந்துகள்: பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லைனசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின். நான்கையும் சேர்த்து பீபால்எம் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். இதில் கதாநாயகன் பெடாகுவிலின்.

பெல்ஜியத்தில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஆய்வகத்தில் கோன் ஆண்ட்ரீஸ், ஜெரோம் கில்மோன் ஆகியோரின் குழு இதைக் கண்டுபிடித்தது. வேகமாக வளரும், ஆபத்து குறைந்த ஒரு உறவுக்காரக் கிருமி மேல் ஏராளமான வேதிப்பொருள்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று நன்றாகக் கொன்றது. ஆனால் எந்த இடத்தில் தாக்குகிறது என்று தெரியவில்லை. அப்போது அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மருந்தைத் தாங்கிப் பிழைத்த சில கிருமிகளை எடுத்து, அவற்றின் மரபணு முழுவதையும் படித்து, சாதாரணக் கிருமியோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் ஒரே மரபணுவில் இருந்தது: செல்லின் எரிபொருளான ஏடிபியைத் தயாரிக்கும் எந்திரத்தின் சக்கரத்துக்கான மரபணு. தப்பித்தவனைக் கேட்டே அடி எங்கே விழுந்தது என்று கண்டுபிடித்தது மாதிரி. 2005-ல் இந்த முடிவு வெளியானது.

ஏடிபி என்பது செல்லுக்கு அடுப்பெரிக்கும் விறகு. அதைத் தயாரிக்கும் எந்திரம் உண்மையிலேயே சுழலும் ஒரு சக்கரம். கிருமியின் சவ்வுக்குள் அது சுற்றச் சுற்ற ஏடிபி வந்து விழும். தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். எத்தனை ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டால் தேர் நின்றுவிடும். பெடாகுவிலின் செய்வது அதுதான். சுழலும் சக்கரத்துக்கும் பக்கத்தில் அசையாமல் இருக்கும் பகுதிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2021-ல் கனடாவில் ஒரு குழு, உறையவைத்த மூலக்கூறுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்து, மருந்து அந்த இடுக்கில் செருகியிருப்பதை நேரடியாகக் காட்டியது. அந்தப் படத்தை முதல் முறை பார்த்த அன்று வெகு நேரம் திரையை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. பதினாறு வருடமாகக் கணக்குப் போட்டுச் சொல்லிவந்த ஒன்றைக் கண்ணால் பார்த்தோம்.

தூங்கும் கிருமிக்கும் விறகு வேண்டும். வளராமல் இருக்கலாம், எரிசக்தி இல்லாமல் உயிரோடு இருக்க முடியாது. அதனால் இந்த மருந்து விழித்திருப்பதையும் கொல்கிறது, தூங்குவதையும் கொல்கிறது. இரண்டு வருடம் ஆறு மாதமானதன் மையமே இங்கேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிருமியிடம் கொஞ்சம் விறகு சேமிப்பில் இருக்கும். அது தீரும்வரை சாகாது. பெடாகுவிலினின் தாக்கம் முதல் சில நாள்களில் அவ்வளவாகத் தெரியாமல், அப்புறம்தான் வேகம் எடுக்கும். முதல் வாரத்தில் இருமல் அப்படியே இருக்கிறதே என்று வீட்டில் யாரும் மனம் தளர வேண்டாம்.

பிரெட்டோமனிட் இன்னொரு அழகான வேதியியல். விழுங்கும்போது அது வெறும் மூடிய பெட்டி. அதைத் திறக்கும் நொதி காசநோய்க் கிருமிக்குள்தான் இருக்கிறது. உள்ளே போய்த் திறந்ததும் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படும். நம் நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமியைக் கொல்லப் பயன்படுத்தும் ஆயுதங்களில் அதுவும் ஒன்று. கூடவே கிருமியின் மெழுகுச் சுவர் கட்டும் வேலையும் கெடும். டிபி அலையன்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதை வளர்த்தெடுத்தது. 2019-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மாக்ஸிஃப்ளாக்சசின் உங்களுக்குப் பழக்கமான சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம், அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லைனசோலிட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

"புது மருந்தில் ஆபத்து இல்லையா?" என்ற உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெடாகுவிலினை 160 பேரிடம் சோதித்த ஆரம்பகால ஆய்வில் ஒரு கவலையான விஷயம் நடந்தது. மருந்து எடுத்தவர்களுக்குச் சளியில் கிருமி மறைய 83 நாள்தான் ஆனது, மற்றவர்களுக்கு 125 நாள். அது நல்ல செய்தி. ஆனால் மருந்து எடுத்த 79 பேரில் 10 பேர் இறந்தார்கள், எடுக்காத 81 பேரில் 2 பேர்தான். இதை யாரும் மறைக்கவில்லை. 2012 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தபோதே மருந்துச் சீட்டில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தார்கள். அந்த இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது மருந்தைச் சுட்டும் பொதுவான காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அதன் பிறகு தென் ஆப்பிரிக்கா ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. பெடாகுவிலின் சேர்ந்த வைத்தியத்தில் இறந்தவர்கள் 12.6 சதவீதம், சேராததில் 24.8 சதவீதம். இந்த முடிவு 2018-ல் வெளியானது. அதே ஆண்டு அந்த நாடு ஊசியை விட்டுவிட்டு இந்த மாத்திரைக்கு மாறியது.

தென் ஆப்பிரிக்காவை இவ்வளவு முறை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டுகெலா ஃபெர்ரி என்று ஒரு கிராமப்புற ஊர். எந்த மருந்துக்கும் ஏறக்குறைய கட்டுப்படாத காசநோய் 53 பேருக்கு அங்கே வந்ததாக 2006-ல் ஒரு அறிக்கை வெளியானது. 52 பேர் இறந்துவிட்டார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாள்கூடத் தாண்டவில்லை. காசநோய்த் துறையில் இருந்த எல்லோரையும் அந்த எண் உலுக்கியது.

அதே நாட்டில்தான் பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லைனசோலிட் மூன்றையும் சேர்த்து ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஃபிரான்செஸ்கா கான்ராடி தலைமையில், 109 நோயாளிகள், எல்லோரும் மிகக் கடினமான வகை. 2020-ல் முடிவு வந்தது: பத்தில் ஒன்பது பேர் குணம். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 53-ல் 52 சாவு, பதினான்கு வருடம் கழித்து 90 சதவீதம் குணம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

ஆனால் அந்த 109 பேர் கொடுத்த விலையும் பெரியது. அவர்களுக்கு லைனசோலிட் தினமும் 1200 மில்லிகிராம் கொடுத்தார்கள். 81 சதவீதம் பேருக்கு நரம்பு பாதித்து, கை கால் மரத்துப்போவதும் எரிவதுமாக இருந்தது. 48 சதவீதம் பேருக்கு ரத்த அணுக்கள் குறைந்தன. காரணம் பரிணாமத்தில் இருக்கிறது. லைனசோலிட், கிருமி புரதம் தயாரிக்கும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். நம் செல்களுக்குள் எரிசக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவோ, பல கோடி ஆண்டுகளுக்கு முன் பாக்டீரியாவாக இருந்து நம்மோடு ஒன்றிப்போன ஒன்று. அதன் புரதக் கூடமும் கிருமியின் கூடத்தைப் போலவே இருக்கும். மருந்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் முழுதாகத் தெரிவதில்லை. எரிசக்தி அதிகம் கேட்கும் நீண்ட நரம்புகள், கண் நரம்பு, எலும்பு மஜ்ஜை, இவைதான் முதலில் அடிபடும்.

அதனால் அடுத்த ஆய்வில் கேள்வியை மாற்றினார்கள்: லைனசோலிட்டைக் குறைத்தால் குணம் குறையுமா? நான்கு நாடுகளில் 181 பேர். 1200 மில்லிகிராம் 26 வாரம் எடுத்தவர்களில் 93 சதவீதம் குணமானார்கள், நரம்பு பாதிப்பு 38 சதவீதம். 600 மில்லிகிராம் 26 வாரம் எடுத்தவர்களில் குணம் 91 சதவீதம், நரம்பு பாதிப்பு 24. அளவைப் பாதியாக்கியும் குணம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. இன்று எல்லா இடங்களிலும் கொடுக்கும் 600 மில்லிகிராம் அங்கிருந்து வந்ததுதான். தம்பியின் மருந்துப் பட்டையில் அந்த எண்ணைப் பாருங்கள். அது சும்மா போட்ட எண் இல்லை.

நான்காவதாக மாக்ஸிஃப்ளாக்சசினைச் சேர்த்துப் பார்த்தது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. பெலாரஸ், தென் ஆப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தானில் நடந்த அந்த ஆய்வில், பழைய வைத்தியத்தில் 48 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு கிடைக்கவில்லை: இறப்பு, தோல்வி, பாதியில் நின்றது எல்லாம் சேர்த்து. நான்கு மருந்து வைத்தியத்தில் அது 11 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், இனியும் யாரையாவது பழைய வைத்தியத்தில் போடுவது சரியில்லை என்று ஆள் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய ஒரு ஆய்வு நடந்தது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் பத்மபிரியதர்சினி குழு, பெடாகுவிலினையும் லைனசோலிட்டையும் வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து 165 பேருக்கு, ஊசியே இல்லாமல், ஆறு முதல் ஒன்பது மாதம் கொடுத்தது. 91 சதவீதம் பேருக்கு நல்ல பலன். நம் ஊர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது, இந்தப் பதிலில் நீங்கள் மறக்கவே கூடாது என்று நான் நினைக்கும் இடம்.

மாத்திரையை நடுவில் விட்டால் என்ன ஆகும்? "நோய் திரும்ப வரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். வேதியியல் இன்னும் கடுமையான பதிலைச் சொல்கிறது. லைனசோலிட் உடம்பில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். பிரெட்டோமனிட்டுக்கு ஒரு நாளுக்கும் குறைவு. பெடாகுவிலினுக்கு ஐந்தரை மாதம். ஐந்தரை நாள் இல்லை, மாதம். அது கொழுப்பில் கரையும் பொருள், திசுக்களில் போய்ப் படிந்துகொண்டு சொட்டுச் சொட்டாக வெளியே வரும். முதல் இரண்டு வாரம் தினமும் 400 மில்லிகிராம், அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் 200 மில்லிகிராம் என்று கொடுப்பதும் இதனால்தான். முதலில் தொட்டியை நிரப்புகிறோம், பிறகு மட்டம் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்றாவது மாதம் இருமல் நின்றுவிட்டது, எடை ஏறிவிட்டது, போதும் என்று தம்பி நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் மற்ற மூன்று மருந்தும் உடம்பை விட்டுப் போய்விடும். பெடாகுவிலின் மட்டும் தனியாக, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே, மாதக்கணக்கில் இருக்கும். மிச்சமிருக்கும் கிருமிக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் கிடையாது. கொல்லாத அளவில் ஒரே ஒரு மருந்து. அதை வெளியே தள்ளும் பம்புகளைக் கிருமி பெருக்கிக்கொள்ளும். இந்த எதிர்ப்பு ஏற்கெனவே பல நாடுகளில் தென்பட ஆரம்பித்துவிட்டது. அதே பம்பு குளோஃபாசிமின் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து வெளியே தள்ளும். அப்படி ஆகிவிட்டால் தம்பிக்கும், அவரிடமிருந்து தொற்றுபவருக்கும், இந்தச் சுலபமான வழி அடைபட்டுவிடும். பக்க விளைவு தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய் அழுதாலும் சரி, சண்டை போட்டாலும் சரி. தானாக நிறுத்தக் கூடாது.

பெடாகுவிலினைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கொழுப்பில் கரைவதால்தான். சாப்பாட்டோடு விழுங்கினால் வெறும் வயிற்றைவிட இரண்டு மடங்கு போல உடம்பில் சேரும். காப்பியோடு விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடினால் பாதி வீண். மாதா மாதம் ஈசிஜி எடுப்பது, இந்த மருந்தும் மாக்ஸிஃப்ளாக்சசினும் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் ஒரு இடைவெளியைக் கொஞ்சம் நீட்டுவதால். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் கடையில் போய்ச் சளிக்கு அசித்ரோமைசின், வாந்திக்கு ஒரு மாத்திரை என்று கேட்டு வாங்கிப் போட்டால் அவையும் அதே இடைவெளியை நீட்டும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்தாலும் ஆபத்து கூடும். ஆறு மாதம் மருந்துக்கடைக்காரரிடம் தானாக எதுவும் கேட்டு வாங்க வேண்டாம். வலிப்புக்கோ மன அழுத்தத்துக்கோ தம்பி ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறார் என்றால் அதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். சில வலிப்பு மாத்திரைகள் பெடாகுவிலினைக் கல்லீரலில் வேகமாக அழித்துவிடும், சில மன அழுத்த மாத்திரைகள் லைனசோலிட்டோடு சேரக் கூடாது. பிரெட்டோமனிட் கல்லீரலுக்குச் சுமை என்பதால் மது கூடவே கூடாது.

லைனசோலிட்டுக்கு வீட்டிலேயே காவல் இருக்கலாம். தினமும் படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்துப்போனாலோ, குத்தினாலோ, எரிந்தாலோ அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது. கண்ணுக்கு, வாரம் ஒரு முறை தினசரிக் காலண்டரில் ராகு காலம் போட்டிருக்கும் சின்ன எழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கட்டும், பிறகு மறு கண்ணை மூடி. இரண்டு கண்ணையும் திறந்து படித்தால் ஒரு கண்ணின் பாதிப்பை மற்றது மறைத்துவிடும். எழுத்து மங்கினாலோ சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனை. சீக்கிரம் பிடித்தால் அளவைக் குறைத்துச் சரிசெய்ய இடம் உண்டு. கண் நரம்பை விட்டுவிட்டால் பார்வை திரும்பாமலும் போகலாம்.

மருத்துவரிடம் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மாக்ஸிஃப்ளாக்சசினுக்குத் தம்பியின் கிருமி கட்டுப்படுகிறதா என்ற முடிவு வந்துவிட்டதா? கட்டுப்படவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு மற்ற மூன்றோடு தொடர்வார்கள். நோய் மூளையிலோ எலும்பிலோ இருந்தாலும், கர்ப்பிணிகளுக்கும், 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இந்த வைத்தியம் வேறு மாதிரி.

பணம் பற்றி அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அரசு மருத்துவமனையில் இது இலவசம். ஆனால் அப்படி எளிதாகக் கிடைக்கும்படி ஆனதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. நந்திதா வெங்கடேசன் என்ற மும்பைப் பத்திரிகையாளர், காசநோய்க்குப் போட்ட ஊசியால் உங்கள் பெரியப்பாவைப் போலவே காது கேட்கும் திறனை இழந்தவர். தென் ஆப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் அப்படித்தான். பெடாகுவிலினின் மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியிருந்தது. அதன் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்குத் தனியாக இன்னொரு காப்புரிமை கேட்டது ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம். கிடைத்திருந்தால் இன்னும் நான்கு வருடம் மற்றவர்கள் இங்கே தயாரிக்க முடியாது. கரையாத மருந்தை உப்பாக்குவது எங்கள் துறையில் எல்லோரும் செய்யும் வேலை, அதில் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இந்த இரண்டு பெண்களும் 2019-ல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் போட்டார்கள். 2023 மார்ச்சில் அலுவலகம் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2020-ல் ஏழை நாடுகளுக்கே 340 டாலராக இருந்த ஆறு மாத மருந்து, 2023 ஆகஸ்டில் 130 டாலருக்கு வந்தது. தங்கள் காது திரும்பாது என்று தெரிந்தும், அடுத்தவருக்கு ஊசி வேண்டாம் என்று நான்கு வருடம் நின்றவர்கள் அவர்கள். பெரியப்பாவிடம் இதை எழுதிக் காட்டுங்கள்.

சாப்பாடு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜார்க்கண்டில் நடந்த ஒரு ஆய்வு 2023-ல் வெளியானது. காசநோயாளிகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர் என்றும், வீட்டில் இருப்பவர்களுக்கு அரிசி, பருப்பு என்றும் மாதம் தோறும் கொடுத்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி அளவுக்கு ஒரு பலன், வெறும் உணவால். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும் முதல் நாளே எடை, மூச்சு, நிற்கும் பலம் மூன்றையும் பார்த்து, நிலை மோசமாக இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதே அடிப்படை. தம்பியின் எடையை வாரா வாரம் எழுதி வையுங்கள். முட்டை, நிலக்கடலை, பருப்பு, மீன், எது முடியுமோ அது. காசநோயாளிகளின் சாப்பாட்டுக்கு அரசு பணம் கொடுக்கும் நிக்ஷய் திட்டத்தில் மாதத்துக்கு 1000 ரூபாய் வீதம் தம்பியின் வங்கிக் கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் காசநோய்ப் பிரிவில் கேளுங்கள்.

கடைசியாக, குழந்தைகளும் தனியாகத் தங்க வைப்பதும்.

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்று அதுதான் நான் மேலே சொன்ன தேசிய நிறுவனம். அப்போது காசநோய் என்றால் சானடோரியம்: ஊருக்கு வெளியே, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. நாட்டில் அத்தனை பேருக்குப் படுக்கை கிடையாது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமையில் 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி நெருக்கடியான சொந்த வீட்டில், ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு. இருந்தும் நல்ல பலன் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். அதோடு, வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். சானடோரியம் போனவர்களின் குடும்பத்தைவிட அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. பரவ வேண்டியது மருந்து ஆரம்பிக்கும் முன்பே பெரும்பாலும் பரவியிருக்கும், மருந்து உள்ளே போனதும் பரவுவது வேகமாகக் குறையும் என்பது அதன் பொருள். 1959-ல் இந்த ஆய்வின் ஒரு வருட முடிவு வெளியான பிறகு சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

தம்பிக்கு இருப்பது எதிர்ப்பு உள்ள வகை என்பதால் முதல் சில வாரம் கவனம் வேண்டும். தனி அறையில் அல்லது திண்ணைப் பக்கம் படுக்கட்டும், ஜன்னல் இரவும் பகலும் திறந்திருக்கட்டும், குழந்தைகள் இருக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். தட்டு, டம்ளர், துணி இவற்றால் காசநோய் பரவாது, அவற்றைப் பிரித்து வைத்து அவர் மனதை நோகடிக்க வேண்டாம். சளியில் கிருமி இல்லை என்ற முடிவு வந்ததும் குழந்தைகளோடு பழையபடி இருக்கலாம்.

குழந்தைகளை இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அவர்களுக்கு நோய் இல்லை என்று உறுதியானால், வராமல் தடுக்க, மாக்ஸிஃப்ளாக்சசின் குடும்பத்தைச் சேர்ந்த லெவோஃப்ளாக்சசின் மருந்தை ஆறு மாதம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். வியட்நாமிலும் தென் ஆப்பிரிக்காவிலும் இப்படிப்பட்ட வீடுகளில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் நோய் வருவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. 2024-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது. இதற்கும் தம்பியின் கிருமி அந்த மருந்துக் குடும்பத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அதனால் மேலே சொன்ன அந்தப் பரிசோதனை முடிவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே குழந்தைகளோடு போங்கள்.